கடைமடைக்கு வந்த பாட்டு

இங்கிலாந்தின் வடக்கே நான் குடியிருக்கும் ஊரில், பாட்டு கேட்கும்போது யாரும் தலையாட்டுவதில்லை. வியாழக்கிழமை மாலைகளில் ஒரு பப்பின் பின்னறையில் கூடி ப்ரோக்ரெசிவ் ராக் கேட்கிறோம். இந்த வகைப் பாட்டு ஒன்றே இருபது நிமிடம் ஓடும். தாளம் நடுவழியில் மாறும், வரிகளோ விடுகதை மாதிரி இருக்கும். கேட்டு முடித்து அர்த்தம் பிரிக்கும்வரை, ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களைப் போல எல்லோரும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் தொடையில் தாளம் போடாமல் இருக்கத் தெரியாதவள்.

போன ஜூன் மாதம் டெரிக் ஒரு பழைய பாட்டைப் போட்டார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அவர்தான் எங்கள் குழுவின் தலைவர். அடுத்த மாதம் டவுன் ஹாலில் தன் இசைக்குழுவோடு அதை வாசிக்கப்போகிறாராம். பாட்டின் கடைசி வரிகளில், காய்ந்த ஆற்றங்கரையில் மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கடைசி ஆள் செருப்பைக் கழற்றுகிறான். பழுப்பு நீர் நுரையையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு வருகிறது. அவன் அழுகிறான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கூடவே சிரிப்பும் வந்தது. டெரிக் பதறிப்போய், வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

"இல்லை, தண்ணீர் வந்துவிட்டது" என்றேன். அவர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

எல்லோரும் அந்த வரிகளுக்குச் சாவு என்றே அர்த்தம் சொன்னார்கள். செருப்பைக் கழற்றுவது உலகை விட்டுப் போவதாம், பழுப்பு நீர் பிரளயமாம். முடிவை ஆர்கனில் ஒப்பாரி போல இழுத்து இழுத்து வாசிக்கப்போவதாக டெரிக் சொன்னார். அது சந்தோஷம் என்று நான் மல்லுக்கு நின்றேன். "நீ உன் ஊர் ஆற்றைச் சொல்கிறாய். இது உருவகம்" என்றார் மார்கரெட், பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் இங்கே வாழ்ந்தும் ஓர் ஆங்கிலப் பாட்டுக்கு அர்த்தம் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர் கடைமடை, அதாவது காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னாலும், வழியில் உள்ள ஊரெல்லாம் பாய்ந்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. வராமலே போன வருடங்களும் உண்டு. வருகிற நாளில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாகத்தான் வரும். வாய்க்கால் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, பூவும் விதைநெல்லும் தூவிக் கும்பிடுவோம். அப்பா அழுது நான் பார்த்தது அந்தக் கரையில் மட்டும்தான்.

அந்த மாதக் கடைசியில் தண்ணீர் வந்ததும் ஊரிலிருந்து அண்ணன் வீடியோ அனுப்பினார். அதை அடுத்த வியாழக்கிழமை பப்பின் டிவியில் போட்டேன். சருகைத் தள்ளிக்கொண்டு பழுப்பாக வந்தது காவிரி. "வந்துட்டு பாரு. செருப்ப கழட்டிட்டு வாங்கப்பா" என்று அண்ணன் குரல் கேட்டது. அவர் பக்கத்தில் ஒரு பெரியவர் கும்பிட்டபடி அழுதுகொண்டிருந்தார்.

"வழியில் எல்லோருக்கும் கொடுத்த பிறகும் கடைசி ஆளுக்கு மிச்சம் இருக்கிறது. அதைத்தான் நாங்கள் அருள் என்போம். பாட்டு சொல்வதும் அதுதான்" என்றேன்.

மார்கரெட் இன்னொரு முறை போடச் சொன்னார். இரண்டாவது முறை முடிந்ததும், "நான் சொன்னது தப்பு" என்றார். டெரிக் பேனாவை எடுத்து, இசைக்குறிப்பில் இருந்த ஆர்கன் முடிவை அடித்துத் திருத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டவுன் ஹாலில் நிகழ்ச்சி. கடைசிப் பகுதியில் டிரம்ஸ் பிய்த்து உதறியது. டெரிக் கொடுத்த, கஞ்சிரா மாதிரியான டாம்பரினை நானும் மேடையில் நின்று வெளுத்து வாங்கினேன். தலையே ஆட்டாத அந்த ஊர் மொத்தமாக எழுந்து நின்று ஆடியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வெளியே ஓடிவந்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பின்னிட்டோம்ண்ணே. இந்த ஊர்ல நாங்க இப்படி வாசிச்சதே இல்ல."

அண்ணன் சிரித்தார். பிறகு, "நாங்கன்னா யாரும்மா?" என்று கேட்டார்.

படிக்கட்டில் டெரிக்கும் மார்கரெட்டும் போட்டோவுக்காக, நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றபடி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனில் அண்ணன் பதிலுக்குக் காத்திருந்தார்.