ஐஸும் உப்பும்

குளச்சல் கமருதீன் அடுக்கிய பெட்டியில் மீன் மறுநாளும் கண் தெளிந்து கிடக்கும். ஒரு வரி ஐஸ், ஒரு கை கல்லுப்பு, மீன், மறுபடியும் ஐஸ். உப்பு விழுந்தால் குளிர் இன்னும் கடுக்கும். அது அவருடைய கைக்கே தெரியும்.

நாகர்கோவில் பக்கம் ஒரு ஆய்வகத்துக்கு அவர்தான் மீன்தோல் கொடுத்துவந்தார். அந்தத் தோலிலிருந்து பசையைப் பிரித்து, பதம் மாற்றி, மெல்லிய ஏடாக்குவார்கள். அதன்மேல் மனுஷ செல்களை வளர்ப்பார்கள்.

"சும்மா விட்டா செல்லு தோணுன பக்கம் போவும் பாயி. அதான் ஏட்டுல வரிவரியா சால் போட்டு விடுவோம். அது வழியே வளரும்" என்றாள் ஆராய்ச்சி மாணவி பிளஸ்ஸி.

"பாறையில சிப்பி பிடிக்கியது போலயா மக்ளே?"

"அதேதான்."

அந்த வருஷமே கேஸ் கசிந்து தீப்பிடித்து, அவருடைய ஒரே மகள் அஃப்னாவின் முதுகு முழுக்க வெந்துபோனது. மூடுவதற்கு அவள் உடம்பில் நல்ல தோல் போதவில்லை. காதுக்குப் பின்னால் துளித் தோல் எடுத்து, உரிய அனுமதியோடு, பிளஸ்ஸியின் குழு அதை ஏட்டின்மேல் வளர்க்க ஆரம்பித்தது.

குப்புறக் கிடந்தபடியே அஃப்னா வம்பு பண்ணினாள். "வாப்பா, எனக்க முதுகுல வாளைத் தோலா? கூட்டுக்காரிய மூக்கப் பொத்துவாளுவ!"

"போ ஏட்டி, நெய்மீனாக்கும்."

ஏடு தயாரான அன்று பிளஸ்ஸி ஆஸ்பத்திரியில் மருத்துவர்களோடு காத்திருந்தாள். ஆய்வகத்தில் எல்லாக் கருவியும் இருந்தது. வண்டி ஓட்டத்தான் ஆள் இல்லை. ஒப்பந்த டிரைவர்களை அந்த மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மீன்தோல் கொடுக்க வந்திருந்த கமருதீன் கையில் ஏடு இருந்த பெட்டியைக் கொடுத்தார் ஆய்வக அதிகாரி.

"நீங்க அங்கதானே போறீங்க? கெட்டுப்போகாம கொண்டு சேர்த்துடுங்க."

அது உயிருள்ள பொருள், உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும் என்று அந்த மனிதர் சொல்லவில்லை.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி வழியில் கமருதீன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்றிருந்தது. பதறிப்போனார். வண்டியை ஓரம் கட்டி, உள்ளே ஏடு இருந்த தட்டை எடுத்துத் தன் மீன்பெட்டிக்குள் இறக்கினார். கீழே ஐஸ், மேலே ஐஸ். உப்பைத் தாராளமாகவே போட்டார். மகளுக்கல்லவா.

ஆஸ்பத்திரியில் பிளஸ்ஸி மூடியைத் திறந்ததும் குளிர் புகைந்தது.

"பாயி... உப்பும் போட்டியளா?"

"நல்லா போட்டேன் மக்ளே. ஒண்ணும் கெடாது."

தட்டு கல்லாக உறைந்திருந்தது. ஏட்டில் வளர்ந்த செல்லெல்லாம் செத்துப்போயிருந்தன. பிளஸ்ஸி அழுத பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

உள்ளே அஃப்னா கேட்டாள். "வந்துச்சா வாப்பா?"

"வந்துச்சு மக்கா."

மறுபடி வளர்க்க வாரக்கணக்காகும். அதுவரை புண் பொறுக்கவில்லை. கிருமி ரத்தத்தில் ஏறி அவளைக் கொண்டுபோனது.

விசாரணை நடந்தது. மீன்காரரின் அறியாமை என்று முடித்தார்கள். டிரைவர்களை நிறுத்தியவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிளஸ்ஸி வீட்டுக்கு வந்தாள். "நான் முன்னமே சொல்லியிருக்கணும் பாயி."

"நான் கேட்டிருக்கணும்லா" என்றார் கமருதீன்.

மகளின் நாற்பதாம் நாள் கழிந்து அவர் மறுபடியும் மீன் எடுக்கப் போனார். உச்சிக்குள் மீன் நாறி, கொண்டுபோனதில் பாதி திரும்பி வந்தது.

"ஐஸ் எடுக்கலியா?" என்று கேட்டாள் மனைவி ஹமீதா பீவி.

"எடுத்தேன்" என்றார். "உப்பத் தொட்டேன். கை வரல்ல."

ஹமீதா பீவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். பெட்டியின் மூடி திறந்தே கிடந்தது.