மாமா காட்டிய ஒட்டகச்சிவிங்கி

வளைகுடாவில் இருப்பவர்கள் லீவு கிடைத்தால் ஊருக்குத்தான் போவார்கள். எனக்கு ஒன்பது வயதான கோடையில் நாங்கள் மட்டும், அப்பா வேலை பார்த்த சோஹாரிலிருந்து கென்யாவுக்குப் போனோம். கேட்டவர்களிடமெல்லாம் அப்பா, பிள்ளைக்கு யானை, சிங்கம் காட்டப் போகிறோம் என்றார். பிள்ளை நான்தான். பிற்பாடு எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்; ஆனால் கவலைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை, அது அப்போதே கைவந்திருந்தது.

உண்மையில் போனது அம்மாவின் தம்பியைப் பிடித்து வர. காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப்போகும் ஜீப்புகளுக்கு மாமா மெக்கானிக். ஆறு வருடமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. அம்மா ஊரில் பெண் பார்த்துவிட்டாள். மாமாவின் 'சரி' மட்டும்தான் பாக்கி. பெண்ணின் போட்டோ கைப்பையில் இருந்தது. ஊருக்குப் போவது போலவே அட்டைப்பெட்டி கட்டி, நைலான் கயிறு சுற்றி, நாலு பக்கமும் மார்க்கரில் மாமா பெயரை எழுதியிருந்தாள். உள்ளே பால்பவுடர், கோடாலித் தைலம், சோப்பு, கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கத் துணி.

அது மழையில்லாத காலம். புல் கருகி, மரங்கள் குச்சியாக நின்றன. இந்தப் பொட்டலைப் பார்க்கவா பிளேன் ஏறினோம், சோஹாரிலேயே இருக்கிறதே என்றாள் அம்மா. இப்போதுதான் பார்க்க வேண்டும், தண்ணீர் இருப்பது ஒரே குட்டையில், எல்லாம் அங்கே வந்தே தீரும் என்றார் ஜீப்பை ஓட்டிய மாமா. அந்த 'எல்லாம்' என்பதில் சிங்கமும் சேர்த்திதானே. கண்ணாடியை ஏற்றிவிட்டு, பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

குட்டையில் செம்மண் அப்பிய யானைகள் குட்டிகளோடு நின்றன. அம்மா கைப்பையைத் திறந்தாள்.

"தம்பி, இந்தப் புள்ளய ஒரு தடவ பாருடா."

"அக்கா, அங்க பாரு, ஒட்டகச்சிவிங்கி."

மறுபடி அவள் பையைத் திறந்தபோது வரிக்குதிரை வந்தது. அதற்கடுத்து காட்டுப்பன்றி. மாமாவுக்கு மட்டும் எப்படிச் சொல்லிவைத்த மாதிரி மிருகம் வருகிறது என்று எனக்கு ஆச்சரியம். அப்பா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

"பொண்ணு வீட்டுக்கு நான் என்னடா சொல்றது?"

"வீட்டுக்கு வாக்கா. சொல்றேன்."

சாயங்காலம் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டு முன்னால் ஜீப் நின்றது. மாமா பெட்டியை இறக்கி வைத்ததும், உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் ஓடி வந்து அவர் பாதத்தின் மேல் ஏறி நின்று பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது. சுருட்டை முடி. அம்மாவுக்கு இருப்பது போலவே தாடையில் குழி. வாசலில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். நான் சிங்கத்துக்குப் பயந்ததைவிட அவள் எங்களுக்கு அதிகம் பயந்த மாதிரி இருந்தது.

மாமா தலை குனிந்திருந்தார்.  அம்மா பெட்டியின் கயிற்றைத் தானே அவிழ்த்து, பால்பவுடர் டின்னை வாசலில் நின்றவளின் கையில் கொடுத்தாள். பிறகு என் பையைத் திறந்து, தீபாவளிக்கு எடுத்த என் ரோஸ் கவுனை உருவி அந்தக் குழந்தைக்குப் போட்டுவிட்டாள். கவுன் தரையைக் கூட்டியது.

"வளந்தா சரியாப் போயிரும்" என்றாள்.

நான் அழுதேன், கவுன் என்னுடையது. என்னைவிடச் சத்தமாக மாமா அழுதார். ஒரு கவுனுக்காக இவர் ஏன் அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.