கண்ணாடி இல்லாமல் பார்த்த நீலம்

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் வெல்டிங் வகுப்பில் சேர்ந்து மூன்றாவது வாரம். எங்கள் வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் தொழில். அரக்கு நிறத்திலேயே ஏழு விதம் பிரித்துச் சொல்வார் அப்பா. அந்த வீட்டில் பிறந்தவனுக்கு நிறத்தின் மேல் கிறுக்கு இருக்கத்தானே செய்யும்?

ஆசிரியர் தினமும் முதலில் சொல்வது இதைத்தான்: "ஷீல்டு இல்லாமல் வெளிச்சத்தைப் பார்க்காதே. பக்கத்தில் நிற்பவனும் பார்க்கக் கூடாது." முகத்துக்கு நேரே பிடிக்கிற அந்தக் கவசத்தின் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், வெல்டிங் ராடின் நுனியில் இரும்பு உருகி, சின்னக் குளம்போலத் ததும்பி நகரும். எல்லாமே பச்சை. நான் சொக்கிப்போய் நிற்பேன். ஆனால் அந்தப் பச்சை கண்ணாடி கொடுத்தது. வெளிச்சத்தின் சொந்த நிறம் என்னவாக இருக்கும்?

ஒருநாள் காலை ஆசிரியர் ஆபீஸுக்குப் போயிருந்தார். பக்கத்து மேஜையில் நண்பன் ராடைப் பற்றவைத்ததும் கவசத்தை இறக்கிவிட்டுப் பார்த்தேன். நீலம். எங்கள் சாயத் தொட்டியில் ஒருநாளும் கலந்து வராத நீலம். கண் கொஞ்சம் கூசியது, அவ்வளவுதான். இன்னும் நாலைந்து முறை பார்த்தேன்.

"ஒண்ணும் ஆவலப்பா. சும்மா பயம் காட்டறாரு. நீயும் பாரு" என்றேன் அவனிடம்.

அவன் திருப்புட்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பம். புதிதாகக் கல்யாணம் ஆனவன். "சாரு வேணான்னாரேப்பா" என்று தயங்கினான். நான் விடவில்லை. நான் பற்றவைத்தேன், அவன் பார்த்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல் தொடங்கியது. இமையைத் திறக்க முடியவில்லை. அக்கா கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் மருந்து விட்டுக் கட்டுப் போட்டார். "ரெண்டு நாள் தொறக்காதே. பார்வை தப்பிச்சுடும்னுதான் நெனைக்கிறேன்" என்றார். அந்த 'நெனைக்கிறேன்' என்னை என்னவோ செய்தது.

மறுநாள் முழுக்க இருட்டில் மிதந்தேன். தறிச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் கேட்டது. கொதிக்கும் சாயத்தின் வாசனை அலை அலையாக வந்து போனது. மூடிய இமைக்குள் அந்த நீலம் விரிந்து சுருங்கியது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த மயக்கத்தில் சட்டென்று நினைவு வந்தது. நண்பன்! நேற்று சாயங்காலம் அவன் லாரி ஓடுகிற பெங்களூர் ரோட்டில் சைக்கிளில் அல்லவா வீட்டுக்குப் போயிருப்பான்?

மதியத்துக்கு மேல் வாசலில் ஒரு பெண் குரல். "தோ, படி இருக்குது. காலத் தூக்கி வைங்க."

பின்னாலேயே அவன் குரல். அவன் கண்ணிலும் கட்டு என்று அக்கா சொன்னாள். மனைவிதான் பஸ்ஸில் அழைத்து வந்திருந்தாள். தடவித் தடவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"லாரி ஒண்ணு ஒரசிக்கினு போச்சுப்பா. சைக்கிளோட வாய்க்கால்ல வுழுந்தேன். அத வுடு, உனக்கு எப்டி இருக்குது? நெறம் பாக்கற கண்ணாச்சே, மனசு கேக்கல."

அவன் கையைப் பிடித்தேன். முழங்கை வரை துணி சுற்றியிருந்தது. மனைவி தண்ணீர் வாங்க உள்ளே போனதும் என் காதருகே குனிந்தான்.

"நானேதான் பாத்துட்டேன்னு வூட்ல சொல்லிக்கீறேன். சாரு கேட்டாலும் அதான். நீ வாயத் தொறக்காதே."

கட்டுக்குள்ளேயே அழுதேன். கண்ணீர் பட்டுக் கண் இன்னும் எரிந்தது.

இருவருக்கும் பார்வை திரும்பியது. வகுப்புக்குப் போன முதல் நாளே, அவன் என் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஆசிரியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன்தான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகு எத்தனையோ காரியங்களில் என் துணிச்சலை நம்பி இறங்கியிருக்கிறேன். ஆனால் இன்னொருவரை இறங்கச் சொல்ல வேண்டி வரும்போது மட்டும், இன்றைக்கும் என் நாக்கு ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் பேசுகிறது.