எத்தனை பேர் வரலாம்?

இது நடந்தது. எனக்கே நடந்தது. எங்கள் வீட்டில் இருப்பது மூன்று பேர். இரவில் ஒன்பது தட்டு வைக்கிறேன். ஏன் என்று கேட்டுக் கேட்டுக் கோவில்பத்துத் தெருவே என் உயிரை வாங்குகிறது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் ஒரு நாள் ராத்திரி சாப்பிட வந்து பார்க்கலாம். ஆனால் நான் கூப்பிட மாட்டேன். ஆறு வருஷமாக நான் யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கிவிட்டேன். இருக்கட்டும்.

என் பெயர் மார்கெரித். என் புருஷன் ழூல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இப்படிப் பென்ஷனோடு ஊர் திரும்புகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். 76இல் பிரான்ஸில் துலோனுக்குப் போனோம், 82இல் காரைக்காலுக்குத் திரும்பினோம். மற்ற சொல்தாக்கள் டி.வி. கொண்டுவந்தார்கள், சென்ட் பாட்டில் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது மடக்கு மேஜை ஒன்று, மடக்கு நாற்காலி நாலு, எனாமல் தட்டு நாலு, ஒரு காஸ் விளக்கு. கூடவே ஒரு பைத்தியம். அதற்குக் கேம்பிங் என்று பெயர். பிரான்ஸில் ஆகஸ்ட் மாதம் வந்தால் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்க் கடற்கரையில் கூடாரம் அடித்துப் படுக்கும். வீடு வாசல் இல்லாதவர்கள் படும் பாட்டை இவர்கள் காசு கொடுத்துப் படுவார்கள்.

ஊருக்கு வந்ததும் இவர் ஒரு பழைய வேனை வாங்கினார். ஆசாரியை வைத்து உள்ளே இரண்டு பலகைக் கட்டில் அடித்தார். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. வெளியே வெள்ளைப் பெயின்ட். கேரவன் தயார். முதல் நாள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியபோது எதிர்வீட்டு அம்பலவாணன் குடும்பக் கட்டுப்பாடு வண்டி என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்த வண்டியைப் பார்த்து நான் சிரித்தது அன்றோடு சரி.

1983 மே 14, சனிக்கிழமை. மாலை 5.10க்குப் பட்டினச்சேரி மீனவர் குப்பத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி வண்டியை நிறுத்தினோம். வீட்டிலிருந்து எட்டே கிலோமீட்டர். அங்கே என் கட்டிலும் ஃபேனும் சும்மா கிடக்க, நான் இங்கே மணலில் நிற்கிறேன். எரிச்சலாக இருந்தது.

இடம் மட்டும் நன்றாகத்தான் இருந்தது. மணலுக்கு நடுவே சதுரமாக, சமமாக ஒரு தரை. காலால் மணலைத் தள்ளினால் அடியில் சிமெண்ட்.

"பாத்தியா? நமக்குன்னே போட்டு வச்ச மாதிரி இருக்கு" என்றார் ழூல். துலோனில் இப்படித்தான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சதுரம் ஒதுக்குவார்கள். சந்தோஷமாக நாற்காலிகளை விரித்தார். கடற்கரையில் எதற்குச் சிமெண்ட் தரை என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

எங்கள் மகள் ழுலியேத்துக்கு அப்போது ஆறு வயது. அவளை நிற்கவைத்து இவர் ஒரு பாடம் ஒப்பிக்கச் சொன்னார். போன இடத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால் சொல்ல வேண்டிய பாடம்.

"என் பேரு ழுலியேத். பப்பா பேரு ழூல். வீடு கோவில்பத்து, தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, பச்சக் கதவு."

மூன்று முறை தப்பில்லாமல் ஒப்பித்தாள். யார் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்றார் இவர். யார் கேட்டாலும் சொல்வாள், கெட்டிக்காரி.

அப்போது செல்லம்மா அந்தப் பக்கமாக வந்தாள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். வீடு பட்டினச்சேரியில். எங்களைப் பார்த்து நின்றாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இங்கயா தங்கப்போறீங்க, மதாம்?"

"ஆமா. எங்க வீட்டு முசேவுக்கு ஆச."

"கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கக் கூடாதா?"

"ஏன்?" என்றார் ழூல்.

அவள் நடக்கத் தொடங்கினாள். பத்தடி போய்த் திரும்பினாள். "அப்ப இருட்டறதுக்குள்ள சாப்ட்ருங்க."

விளக்கைச் சுற்றிப் பூச்சி விழும், அதற்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

சொல்தா வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எட்டரைக்குத்தான். அதை மாற்ற முடியாது. மேஜை விரிப்பு, சூப், ரொட்டி எல்லாம் முடிந்த பிறகுதான் நான் கட்டிக்கொண்டு போன சோறும் மீன் குழம்பும். காஸ் விளக்கு புஸ்ஸென்று எரிந்தது. அமாவாசை முடிந்து இரண்டாம் நாள். நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கடல் சத்தம் மட்டும் கேட்டது.

மணி 8.40. விடிய இன்னும் எத்தனை மணி நேரம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தலையை நிமிர்த்தினேன். வெளிச்சத்தின் ஓரத்தில் ஒருத்தி நின்றாள்.

மீன்காரக் குப்பத்துப் பெண் என்று நினைத்தேன். புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் தெரியவில்லை. எங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் ஊரில் நாம் சாப்பிடும்போது யாராவது வந்து நின்றால் வாங்க, சாப்பிடலாம் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சோறு தொண்டையில் இறங்காது. வந்தவர்களும் இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க என்று சொல்லியாக வேண்டும். யாரும் உட்கார மாட்டார்கள். அது ஒரு மரியாதை, அவ்வளவுதான். ழுலியேத்துக்கும் அதைச் சொல்லிக்கொடுத்து வளர்த்திருந்தேன். என் வாய் தானாகவே திறந்தது.

"வாங்க, சாப்பிடலாம்."

அவள் இருக்கட்டும் என்று சொல்லவில்லை.

"எத்தன பேரு வரலாம்?" என்று கேட்டாள்.

வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். எனக்கா கிண்டல் பேசத் தெரியாது?

"எல்லாரும்தான் வாங்களேன்" என்றேன்.

"யார்கிட்ட பேசற?" என்றார் ழூல்.

அவர் பக்கம் திரும்பினேன். மறுபடி அங்கே பார்த்தேன். யாரும் இல்லை.

"அந்த அம்மாகிட்ட, பப்பா." ழுலியேத் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "பின்னாடி ஒரு பாப்பாவும் நின்னுச்சு. என்னையே பாத்துச்சு."

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். சொன்னேன். இவர் கேட்கவில்லை. எட்டு கிலோமீட்டர் வந்துவிட்டு ராத்திரியே திரும்பினால் தெரு சிரிக்கும் என்றார்.

நாற்காலிகளை மடக்கி வண்டிக்கு வெளியே சாய்த்து வைத்தோம். தட்டுகளை மேஜையில் கவிழ்த்தோம். மிச்சச் சோற்றுப் பாத்திரத்தையும் அங்கேயே மூடி வைத்தோம். விளக்கை அணைத்துக் கதவைத் தாழிட்டுப் படுத்தபோது 9.45.

11.20. சத்தம் கேட்டு விழித்தேன்.

டக்.

மடக்கு நாற்காலியை விரித்தால் அப்படித்தான் சத்தம் வரும். எனக்குத் தெரியும். ஆறு வருஷம் விரித்திருக்கிறேன்.

டக்... டக்... டக்.

நாலு. அதோடு நிற்கும் என்று நினைத்தேன். தரையில் யாரோ உட்கார்ந்தார்கள். ஈரத் துணி சிமெண்டில் படும் சத்தம். பக்கத்தில் இன்னொரு ஆள்...

"ஏங்க" என்று இவரைக் கிள்ளினேன். அவர் ஏற்கெனவே விழித்திருந்தார். பட்டாளத்துக்காரர்.

11.35. எனாமல் தட்டுகள் உரசின. பாத்திரத்தின் மூடி விழுந்தது. சேற்று நாற்றம் திரையைத் தாண்டி உள்ளே வந்தது. சாப்பிடும் சத்தம்... சோற்றை வழித்து வழித்துச் சாப்பிடும் சத்தம்...

பிறகு பாத்திரத்தை விரலால் சுரண்டினார்கள். ரொம்ப நேரம் சுரண்டினார்கள்.

"சோறு பத்தல."

அதே குரல். ஜன்னலுக்குக் கீழே.

"கூப்ட்டீங்கல்ல?"

இவர் முன் சீட்டுக்குத் தாவிச் சாவியைத் திருப்பினார். கர்ர்ர்... கர்ர்ர்... வண்டி கிளம்பவில்லை. மறுபடி. கர்ர்ர்...

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்படியில் யாரோ ஏறினார்கள். இன்னும் ஒருவர் ஏறினார். இன்னும் சாய்ந்தது.

இவ்வளவு பயத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. ழுலியேத்தை அணைக்கக் கையை நீட்டினேன்.

படுக்கையில் அவள் இல்லை.

பின்கதவின் அருகே நின்றாள். கை தாழ்ப்பாளில் இருந்தது. பாதி திறந்துவிட்டாள்.

"பாப்பா கூப்புடுது, அம்மா. வெளயாட ஆள் இல்லையாம்."

கதவின் மறுபக்கம்... கீழே... அவள் உயரத்துக்கு...

தட்.

தட்.

பாய்ந்து இழுத்தேன். தாழ்ப்பாளை அறைந்து போட்டேன். பிள்ளையை மார்போடு இறுக்கினேன். சோற்றைக் கேட்டார்கள், தின்றார்கள். இப்போது என் பிள்ளையைக் கேட்கிறார்கள். பயம் போய் எனக்கு ஆத்திரம் வந்தது.

"சாப்பாடு முடிஞ்சுபோச்சு! போங்க! யாருக்கும் இங்க ஒண்ணும் இல்ல!"

சத்தம் நின்றது.

எல்லாமே நின்றது. கடல்கூட.

மணி 1.50.

"வீடு எங்க?" என்று கேட்டது குரல்.

என் கைக்குள்ளிருந்து ழுலியேத் பளிச்சென்று ஒப்பித்தாள்.

"வீடு கோவில்பத்து, தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, பச்சக்..."

வாயைப் பொத்தினேன்.

பொத்தியபோது கதவு ஒன்றுதான் பாக்கி, மற்றதெல்லாம் சொல்லிவிட்டாள்.

வண்டி நிமிர்ந்தது. மணலில் காலடிகள். பல காலடிகள். அவை கடல் பக்கம் போகவில்லை...

ரோடு பக்கம் போயின.

5.20க்கு வெளுத்தது. சாவியைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. வெளியே நாலு நாற்காலியும் மேஜையைச் சுற்றி விரித்துக் கிடந்தன. தரையில் இரண்டு இடத்தில் ஈரம், ஆள் உட்கார்ந்த அகலத்துக்கு. சோற்றுப் பாத்திரம் கழுவியது போல இருந்தது. எல்லாவற்றையும் மடக்கி உள்ளே எறிந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். வண்டியைக் கொல்லையில் விட்டுப் பூட்டினார். சாவியை அலமாரிக்குள் போட்டார். நான் பச்சைக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டேன். ஞாயிறு, திங்கள் இரண்டு இரவும் செபமாலையோடு கதவருகே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் மூச்சு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் செல்லம்மா மீன் கொண்டுவந்தாள். ராத்திரி ஒருத்தி வந்து நின்றதைச் சொல்லிக் கோபப்பட்டேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கூடையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"எழுவத்தேழு பொயல் அப்ப நீங்க இங்க இல்ல, மதாம். அன்னிக்கு ராத்திரி எங்க சனம் பூரா மேட்டுத் தெருவுல ஒரு மெத்த வீட்டுக்குள்ள அடஞ்சு கெடந்துச்சு. கால் வைக்க எடமில்ல. கதவுகிட்ட நின்னது நான்தான். அவ வந்து தட்டுனா. எத்தன பேரு வரலாம்னு கேட்டா. ரெண்டு பேரு வாங்கன்னு சொன்னேன்."

முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"அவங்க ஆறு பேரு. அவ, புருசன், மாமியா, மூணு புள்ளைங்க. யார விட்டுட்டு யார அனுப்புவா? எல்லாரையும் கூட்டிக்கிட்டு திரும்பிப் போயிட்டா. விடிஞ்சு பாத்தா வீடே இல்ல. நீங்க வண்டி போட்டீங்களே, அந்தத் தர மட்டுந்தான் கெடந்துச்சு. சின்னப் பொண்ணுக்கு ஆறு வயசு."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் வெளக்க வச்சுக்கிட்டு சாப்ட்டா வருவா. அதையேதான் கேப்பா. நாங்க யாரும் வாய் தொறக்க மாட்டோம். நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாரும் வாங்கன்னு சொன்னேன்."

செல்லம்மா எழுந்தாள். கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்தாள். எங்கள் தெருவுக்கு அவள் வந்தது அதுதான் கடைசி. படியிறங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கொழந்த எங்க, மதாம்?"

கொல்லையில் இருந்தாள். கூட்டாஞ்சோறு விளையாடிக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன். மணி 8.25. நல்ல வெயில்.

வேன் பூட்டியே இருந்தது. சாவி அலமாரியில். ஆனால் மடக்கு நாற்காலி நாலும் கொல்லையில் விரித்துக் கிடந்தன. எனாமல் தட்டுகளில் மண் சோறு வைத்திருந்தாள் ழுலியேத். தலையை நிமிர்த்தி, என் கண்ணுக்குத் தெரியாத யாரையோ பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்த அதே மரியாதையோடு சொன்னாள்.

"எல்லாரும் வாங்க."