சுடாமலே காய்ந்த துண்டுகள்

என் அக்கா அழகு நிலையம் நடத்துகிறாள். அங்கே தலை துவட்டிய துண்டெல்லாம் துவைக்க அவள் வீட்டுக்குத்தான் வரும். பால்கனி இல்லாத வீடு. கூடத்தில் கயிறு கட்டிக் காயப்போட்டே சுவரெல்லாம் பூசணம் பிடித்து, அவள் மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. வீட்டில் ஈரம் போகிறவரை குழந்தை அங்கே இருக்க வேண்டாம் என்றார் டாக்டர். அதனால் என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மகள் இல்லாத வீட்டில் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் துணி காயவைக்கிற ஹீட் பம்ப் டிரையர் வாங்கினாள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். முன்பு வைத்திருந்த டிரையர் கரண்ட்டை விழுங்கியதால்தானே கயிற்றுக்கு மாறினோம் என்று குதித்தார். இதுவும் அப்படித் தின்றால் திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவானது. பிளக்கில் கரண்ட் அளக்கிற ஒரு மீட்டரை மாட்டி, அதன் எதிரே ஸ்டூல் போட்டு, மேட்ச் பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

வேடிக்கை பார்க்க நானும் போய்விட்டேன். மெஷின் ஓடத் தொடங்கியதுதான் தாமதம், அக்கா கதவைத் திறந்து உள்ளே கை விட்டாள்.

"சுடவே இல்லடி. இது எப்படிக் காயும்?"

நாள் முழுக்க முடி உலர்த்துகிற கை. சூடு பட்டால்தான் அதற்கு நம்பிக்கை வரும். மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். உள்ளே சேர்ந்த கதகதப்பெல்லாம் வெளியே போனது. இது கொதிக்காது, ஒரே காற்றைச் சுற்றவிட்டு ஈரத்தை மட்டும் பிரித்தெடுக்கும், நேரம் கூட ஆனாலும் கரண்ட் மிச்சம் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இனி திறக்க வேண்டுமென்றால் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திற என்றேன். என் உடம்பைப் பார்த்து அக்கா அந்த யோசனையைக் கைவிட்டாள்.

மெஷின் நின்றது. துண்டுகள் லேசான வெதுவெதுப்போடு பூப்போல வந்தன. அத்தான் மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அத்தனை தடவை திறந்தும், பழையது தின்றதில் பாதிகூட ஆகவில்லை. அக்கா ஒரு துண்டை அவர் தலையில் போட்டுவிட்டுக் கூடம் முழுக்கக் குதித்தாள். நானும் குதித்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வடிகட்டியில் ஒட்டிய பஞ்சை வழித்துப் போட்டுவிட்டு, தண்ணீர் சேரும் தொட்டியை உருவினாள். தளும்பியது. அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இவ்வளவையும் தினம் தினம் என் புள்ள நெஞ்சுல ஏத்தியிருக்கேன்."

அத்தான் எழுந்து போய்க் கூடத்துக் கயிற்றை அறுத்துப் போட்டார்.

சுவர் காய்ந்து, பூசணம் சுரண்டி, புதுப் பெயின்ட்டும் அடித்த பிறகு டாக்டர் சரி என்றார். குழந்தையைக் காலையில் நானே கொண்டுபோய் விட்டேன். மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"தூங்குறாடி. மூச்சு சத்தமே கேக்கல. பயந்துபோய்க் கிட்டக்க காது வச்சுக் கேட்டேன். நல்லாத்தான் தூங்குறா."