ஏழாம் எண் பயத்தங்காய்

பூச்சியும் நோயும் தாங்கும் பயத்தங்காய் ரகம் ஒன்றை நாமே சேர்ந்து உருவாக்கலாம் என்று ஆய்வு நிலையத்து அதிகாரி எங்கள் ஆறு பேருக்கும் எண் போட்ட விதைப் பைகளைக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு போகமும் நன்றாக நின்ற கொடியில் காயை முற்ற விட்டு விதை எடுக்க வேண்டும். பூச்சி மருந்து மட்டும் அடிக்கவே கூடாது; தானாகத் தாங்குகிறதா என்று தெரிய வேண்டும்.

சுங்கை ஆயர் தாவாரில், தென்னந்தோப்பு ஓரத்தில் நான் வளர்த்தது ஏழாம் எண். கலும்பாங்கில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்த ஓர் அக்கா, வீட்டுப் பின்சரிவில் பதினொன்றாம் எண்ணை வளர்த்தார். விதை வாங்கப் போன இடத்தில்தான் எங்களுக்குப் பழக்கம்.

மூன்றாம் போகத்தில் என் கொடியில் கருப்பு அசுவினிப் பூச்சி ஏறியது. நுனியெல்லாம் அப்பிக்கொண்டு இலை மஞ்சளாகத் தொடங்கியது. ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்துப் பார்த்து வளர்த்தது. மனசு கேட்கவில்லை. கத்தரிக்கு வைத்திருந்த மருந்தை எடுத்து அடித்துவிட்டேன். அதிகாரி வந்தபோது கொடி பளபளவென்று இருந்தது. அவர் குறித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

பத்தாங் காலி ஊரில் எல்லோரும் கூடினோம். இனி ஆறு தோட்டத்திலும் ஒரே ரகம் என்று முடிவாகி, என் ஏழாம் எண்ணையே தேர்ந்தெடுத்தார்கள். அக்காவின் கொடியில் கொஞ்சம் மஞ்சள் இருந்ததாம். ஆனால் அது மருந்தில்லாமல் நின்ற கொடி. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

அடுத்த போகத்தில் அசுவினி ஏறி, ஏழாம் எண் எல்லா இடத்திலும் படுத்துவிட்டது. அக்காவின் சரிவில் ஒரு கொடிகூடப் பந்தல் ஏறவில்லை. அதிகாரிக்கும் மாற்றல் வந்து, எல்லாம் அத்தோடு நின்றது.

கலும்பாங்குக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பதினொன்றின் விதை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நீங்க எல்லாம் வேணான்னுட்டீங்க லா. ஊறப்போட்டுக் கொழம்பு வச்சிட்டேன்" என்றார். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஒன்னும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

நிலையத்தில் பதினொன்றின் மூல விதை இருக்கலாம். ஆனால் மூன்று போகம் அக்கா பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது இனி கிடைக்காது.

காய்ந்த கொடிகளை இருவரும் பிடுங்கிப் போட்டோம். அவர் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. இப்போது நான் கடை விதைதான் போடுகிறேன்.