மானுக்கென்று கேட்ட தண்ணீர்

மயிலாப்பூரில் வளர்ந்தவளுக்குத் தேவை என்றாலே தண்ணீர்தான். லாரிச் சத்தம் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து குடத்தோடு ஓடியவள் நான். அடையாறு பக்கம் வேலி போட்ட காட்டில் வெளிமான்கள் குறைந்துகொண்டே போகின்றன, அவற்றைக் காப்பாற்ற அரசு பணம் தருகிறது, என்ன தேவை என்று எழுதுங்கள் என்றார்கள். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தண்ணீர் என்று எழுதினேன்.

அப்போது தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலை எனக்கு. மானைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, கோப்பு எழுத மட்டும் நன்றாக வரும். மேலதிகாரியும் படித்துவிட்டு, "வெயில் வேற கொளுத்துது, பாவம்" என்று கையெழுத்துப் போட்டார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே. பணம் வந்தது. தினமும் காலையில் ஒரு லாரி வந்து தொட்டிகளை நிரப்பும், மீதியைப் புல்வெளியில் பாய்ச்சும். வாரத்துக்கு இரண்டு நாள் நான் போய்ப் பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

அங்கே சருகு கூட்டுகிற அக்கா ஒருவர் இருந்தார். தினக்கூலி, வீடு ஆற்றோரக் குடிசைப் பகுதியில். லாரி கிளம்பும்போது குழாயில் வடிகிற மிச்சத்தை இரண்டு கேன்களில் பிடித்துக்கொண்டு மாலையில் வீட்டுக்குத் தூக்கிப்போவார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன். ஒரு நாள் அவரே வாய் திறந்தார்.

"ஏம்மா, லாரி எங்க தெரு முனையாலதானே வருது? பத்து நிமிசம் நிறுத்தி ஆளுக்கு ரெண்டு கொடம் குடுத்தா இன்னா? என் மருமவ மாசமா கீறா. கொடத்தத் தூக்கிக்கினு பாலம் தாண்டிப் போயி வரா."

"மானுக்குன்னு வந்த பணம் அக்கா. வேற எதுக்கும் தொடக்கூடாது."

"அப்ப மானாப் பொறந்திருக்கணும்" என்று சிரித்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விதி விதிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சில மாதங்களில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக வந்து மேய்ந்தன. வெளிமான் ஒன்றைக்கூடக் காணோம். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது, இன்னொரு லாரி கேட்க வேண்டியதுதான் என்று புலம்பினேன். புத்தி அப்படித்தான் போயிற்று!

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஐயே! இன்னாமா நீ, ஊத்திக்கினே கீற! இது பொட்டல்ல நிக்கிற ஜாதி. நாலாபக்கமும் பாத்துக்கினேதான் மேயும். புல்லு மறைச்சா பயந்துக்கினு ஓடிடும். தண்ணி நாக்க நனைச்சா போதும் அதுக்கு. லாரிய நிறுத்து. எங்க தெருவுக்காச்சும் அனுப்பு, புண்ணியமாப் போவும்."

விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார். ஊரெல்லாம் தவிக்கிற தவிப்பை மானின் தலையில் கட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஒரு தொட்டி போதும், புல்லை வெட்டுங்கள், லாரி வேண்டாம் என்று எழுதினேன். அதை ஆற்றோரத் தெருவுக்கு அனுப்பலாமே என்றும் ஒரு வரி சேர்த்தேன். லாரி மறுநாளே நின்றது. அந்த ஒரு வரிக்கு மட்டும், இந்தப் பணத்தில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. மிச்சப் பணம் மார்ச் முடிவில் திரும்பிப் போனது. நல்ல யோசனை என்று அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த கோடையில் வெட்டிய புல்வெளியில் வெளிமான்கள் நின்றன. முறுக்குக் கொம்போடு கறுத்த ஆண் ஒன்று, அதற்குப் பின்னால் பெண் மான்கள், ஒன்றின் காலடியில் குட்டி. சின்னப் பிள்ளை மாதிரி ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"வந்துச்சா! குட்டி கூடவா?" முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "பாத்தியா, நான் சொன்னேனில்ல?"

அப்போதுதான் அவர் பின்னால் மரத்தடியில் அந்த இரண்டு கேன்கள் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தேன். மேலெல்லாம் தூசி. லாரியோடு அந்தத் தண்ணீரும் நின்றிருக்கும் என்பது இத்தனை மாதமும் என் மண்டையில் ஏறவே இல்லை.

"அக்கா, வீட்டுக்குத் தண்ணி?"

"மருமவதான். புள்ளைய இடுப்புல வெச்சிக்கினு பாலம் தாண்டிப் போயி வரா. அந்த ரெண்டு கேனு இருக்கசொல்ல சோத்துக்காச்சும் ஆச்சு."

அவர் குனிந்து கூட்டத் தொடங்கினார்.

"உடும்மா. நிறுத்தச் சொன்னது நாந்தானே."